சென்சார்ல கை வைக்காதீங்க!

'சென்சார்' என்ற வார்த்தையைக் கேட்டால் நம்ம ஆட்களுக்கு உடனே ஞாபகம் வருவது சினிமாவும் கத்தரிக்கோலும்தான். "நல்ல சீனையெல்லாம் சென்சார்ல வெட்டிட்டாங்களாம்ப்பா" என்று சொல்லும்போதே முகத்தில் ஒரு துக்கம் தெரியும். அதே பேரில் இன்னொரு ஆசாமி சத்தமில்லாமல் நம்ம பைக்கில் வந்து உட்கார்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. இவர் எதையும் வெட்டுவதில்லை. ஊர் ஊருக்கு மெக்கானிக் ஷெட்டில் இவரைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

முழுப்பெயர் ஆக்ஸிஜன் சென்சார். பார்ப்பதற்கு ஸ்பார்க் பிளக்கின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருப்பார். விலாசம், இன்ஜினிலிருந்து சைலன்ஸருக்குப் போகிற பெண்ட் பைப். பின்பக்கம் வால் மாதிரி ஒயர்.

ஒரு காலத்தில் இவர் பணக்கார வீட்டுப் பிள்ளை. 1976-ல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி தயாரித்து, வால்வோ காரில் முதன்முதலாக ஏறினார். நம்ம ஊருக்கு வருவதில் ஒரு சிக்கல் இருந்தது. பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தால் இவருக்கு ஆகாது. மேலே ஈயம் படிந்து ஆள் காலி. 2000-ம் வருஷம்தான் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி அமலுக்கு வந்ததும், ஆபீஸுக்கு டிபன் பாக்ஸ் தூக்கிப்போகிற சாதாரண பைக்கிலும் இவர் குடியேறிவிட்டார். இன்று ஷோரூமில் நீங்கள் எடுக்கிற பைக்கில் பெரும்பாலும் இவர் இருப்பார்.

ஆனால் இவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால், பத்துக்கு எட்டுப் பேர் "தெரியலையே சார்" என்பார்கள். மீதி ரெண்டு பேர், "அதைப் புடுங்கிப் போட்டா வண்டி பறக்கும் சார்!" என்பார்கள். இந்த ரெண்டு பேருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

*

பெண்ட் பைப்பில் ஒரு ஆடிட்டர்

நான் படித்தது பி.காம். எனக்கு எதையும் டெபிட் - கிரெடிட்டில் சொன்னால்தான் ஏறும். அப்படியே சொல்கிறேன்.

பைக் பெட்ரோலில் ஓடுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது பெட்ரோலைத் தொட்டுக்கொண்டு காற்றைச் சாப்பிடுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் ஒன்பதாயிரம் லிட்டர் காற்று. சோறு காற்று, ஊறுகாய் பெட்ரோல்!

இந்த விகிதத்தைப் பார்த்துப் பரிமாற அந்தக் காலத்தில் கார்புரேட்டர் இருந்தது. மெக்கானிக் காதை வைத்துக் கேட்டு, ஸ்க்ரூவை அரைத் திருகு திருகுவார். இப்போது அந்த வேலை ஈ.சி.யூ. என்கிற கம்ப்யூட்டர் பெட்டியிடம். இத்தனை ஆர்.பி.எம்., இத்தனை திராட்டில் என்றால் இவ்வளவு பெட்ரோல் என்று அதற்குள் ஒரு பெரிய அட்டவணை. அதற்குப் பேர் 'மேப்'. அதன்படி இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும்.

கேஷியர் கொடுத்துவிட்டார். கொடுத்தது சரிதானா என்று யார் பார்ப்பது? அங்கேதான் நம்ம ஆடிட்டர் வருகிறார். எரிந்து முடிந்து வெளியே போகிற புகையை முகர்ந்து பார்த்து, அதில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறதா, இல்லையா என்று ரிப்போர்ட் அனுப்புகிறார்.

அவர் தலைக்குள் இருப்பது ஸிர்கோனியா என்கிற பீங்கான். மேலே பிளாட்டினப் பூச்சு. ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. ரெண்டு பக்கமும் ஆக்ஸிஜன் வித்தியாசப்பட்டால் கொஞ்சூண்டு கரன்ட் பிறக்கும். பெட்ரோல் ஜாஸ்தியென்றால் 0.9 வோல்ட் வரை போகும். காற்று ஜாஸ்தியென்றால் 0.1-க்கு இறங்கும். நடுவில் 0.45 வந்தால் வரவும் செலவும் டேலி!

ஆடிட்டருக்கு ஒரே ஒரு பிடிவாதம். சுமார் 300 டிகிரி சூடு ஏறினால்தான் பேனாவைத் திறப்பார். அதனால்தான் பல சென்சார்களில் உள்ளேயே ஒரு ஹீட்டரும் வைத்திருக்கிறார்கள்.

*

36 சிசி ஆசை

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது என் அத்தை பையன் புண்ணியத்தில். ஊர் பந்தல்குடி. அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி ரோட்டில் கால் மணி நேர ஓட்டம். ரெண்டு பக்கமும் கரிசல் காடு, சீமைக்கருவேல மரம். நடுவில் வழுக்கிக்கொண்டு போகிற நாலுவழிச் சாலை. அந்த ரோட்டைப் பார்த்தால் சாமியாருக்கும் ஆக்ஸிலேட்டர் முறுக்கத் தோன்றும்.

மாப்பிள்ளைக்கு அருப்புக்கோட்டையில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் கணக்குப் பிரிவில் வேலை. செகண்ட் ஹாண்டில் வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாஸிக் 500 வைத்திருக்கிறான். கொஞ்ச நாளாக வண்டி இழுக்கவில்லை என்று புலம்பல். அந்த நேரம் பார்த்து யாரோ காதில் ஓதிவிட்டார்கள்: "535 கிட் போடு, வண்டி அள்ளும்!"

இது புரளி இல்லை, நிஜமான சமாச்சாரம்தான். கிளாஸிக் 500-ல் சிலிண்டரின் விட்டம் 84 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் 90. கணக்குப் போட்டால் 499 சிசி. அதே கம்பெனி 2013-ல் கொண்டுவந்த கான்டினென்டல் ஜி.டி.யில் விட்டம் 87, தூரம் அதே 90. அது 535 சிசி. தூரம் ஒன்று என்பதால் பெரிய பேரலையும் பிஸ்டனையும் மாட்டி 500-ஐ 535 ஆக்குகிறவர்கள் இங்கேயும் உண்டு, இங்கிலாந்திலும் உண்டு. 36 சிசி லாபம்!

குதிரைக் கணக்கு என்ன? கம்பெனி சொன்னபடி 500-க்கு 27.2 ஹெச்.பி., 535-க்கு 29.1. வித்தியாசம் ரெண்டு குதிரைகூட முழுசாக இல்லை. ஒண்ணே முக்கால் குதிரையும் ஒரு வாலும்!

மாப்பிள்ளையிடம் சொன்னேன். "மச்சான், உங்களுக்குப் புல்லட்டோட அருமை தெரியாது" என்று ஒரே வரியில் என் பி.காம். பட்டத்தைப் பறித்துவிட்டான். எடுத்துவைத்திருந்ததோ சீட்டுப் பணம். அத்தை அதைத் தன் கணக்கில் வேறு தலைப்பில் எழுதி வைத்திருந்தார்கள்: 'இவன் கல்யாணம்.'

கூப்பிட்டான் என்று ஷெட்டுக்குக் கூடப் போனேன். மெக்கானிக் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"பேரல், பிஸ்டன் மாத்திரலாம் தம்பி. இந்தா, பைப்ல துருத்திக்கிட்டு நிக்கிதுல்ல, இந்தச் சென்சாரு... இதைக் கழட்டிட்டு ஒரு போல்ட்டைப் போட்டு அடைச்சிருவோம். இது சும்மா பெட்ரோலைக் குறைச்சுக்கிட்டே இருக்கும்."

"லைட் எரியுமே அண்ணாச்சி?"

"எரியட்டும். அது மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிரலாம்."

மாப்பிள்ளைக்கு அவ்வளவு தைரியம் வரவில்லை. அவனிடம் வேறொரு யோசனை இருந்தது. செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். 'எல்லா பைக்குக்கும் பொருந்தும்' என்று போட்ட ஆக்ஸிஜன் சென்சார். 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று வேறு எழுதியிருந்தது. பெரிய இன்ஜினுக்குப் பெரிய சென்சார் வேணும்ல?

எனக்கு மனசு கேட்கவில்லை. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு வண்டி தயார் செய்கிற நண்பர் ஒருவருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். அவர் சொன்னதை என் பாஷையில் தருகிறேன்.

*

ஏழு பர்சென்ட் பள்ளம்

499, 535 ஆனால் இன்ஜின் ஏழு சதவீதம் கூடுதலாகக் காற்றை இழுக்கும். பழைய மேப்போ 499-க்கு எழுதினது. அது பழைய அளவு பெட்ரோலைத்தான் கொடுக்கும். குடும்பத்தில் ஆள் கூடிவிட்டது, ரேஷன் கார்டில் பேர் ஏறவில்லை!

"அதான் சென்சார் இருக்கே, பார்த்துச் சரிபண்ணாதா?" என்றேன்.

"பண்ணும். ஆனா எப்போன்னு பாருங்க" என்றார்.

நிதானமாக ஒரே வேகத்தில் போகும்போது ஈ.சி.யூ. ஆடிட்டர் பேச்சைக் கேட்கும். அவர் சொல்கிறபடி கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். அதற்கும் ஒரு எல்லை உண்டு. ஆனால் திராட்டிலை முழுசாக முறுக்கினால், ஈ.சி.யூ. ஆடிட்டரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அட்டவணையை மட்டும் பார்த்துப் பெட்ரோல் விடும். முழுவேகத்தில் 14.7 கணக்கு கிடையாது. இன்ஜின் சூட்டைத் தாங்க, 12.5-லிருந்து 13 வரை, பெட்ரோல் கொஞ்சம் தாராளமாகவே வேண்டும். 13-ஆக இருந்தது ஏழு சதவீதக் காற்று கூடினால் கிட்டத்தட்ட 14 ஆகிவிடும். எந்த நேரத்தில் இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகம் தேவையோ, அந்த நேரத்தில் பட்டினி. பிஸ்டன் சூடாகும். தட்டும். மே மாத மத்தியானம், கரிசல் காட்டு வெயில், தூத்துக்குடி ரோடு, முழு முறுக்கு... காற்றில் ஆறும் இன்ஜின் பாவம், எவ்வளவு நேரம் தாங்கும்?

இதில் எத்தனால் வேறு. 2025-ல் நம்ம நாட்டு பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. அந்தக் கலவை முழுசாக எரிய 14.7 மடங்கு காற்று வேண்டாம், சுமார் 13.5 மடங்கே போதும். அதாவது அதே காற்றுக்குப் பெட்ரோல் இன்னும் கூடுதலாக விடவேண்டும். நிதானமாகப் போகும்போது சென்சார் அதையும் சமாளிக்கும். முழு முறுக்கில்? பழைய கதைதான். பழைய மேப் வைத்த 500-ஐ 535 ஆக்கி, புதுப் பெட்ரோல் போட்டு, சென்சாரையும் கழற்றினால் அந்த வண்டிக்கு மூன்று பக்கமும் பட்டினி.

அப்படியானால், 'சென்சாரைக் கழற்றினால் வண்டி ஸ்மூத்தாகும்' என்பது சுத்தப் பொய்யா? இல்லை, கால்வாசி உண்மை. நிதான ஓட்டத்தில் சென்சார் பெட்ரோலை இறுக்கிப் பிடிக்கும், கழற்றினால் ஈ.சி.யூ. அட்டவணையை மட்டும் நம்பி ஓடும். அட்டவணை தாராளமாக இருந்தால் கை கொஞ்சம் இதமாகத் தெரியும். அந்த இதத்துக்கு மைலேஜ் குறையும், புகை கூடும், பைப்புக்குள் புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டர் இருந்தால் அதுவும் கெடும். அதற்கப்புறம் இன்ஜினில் என்ன கோளாறு வந்தாலும் சொல்ல ஆளிருக்காது.

ஆக, முறை என்ன? பெரிய பேரல் போட்டால் மேப்பை மாற்றியே ஆகவேண்டும். மாற்றும்போது சரி பார்க்க 'வைட்பேண்ட்' என்று இன்னொரு ஜாதி சென்சார் வேண்டும். நம்ம வண்டி சென்சார் 'கூட, குறைய' என்று மட்டும்தான் சொல்லும். வைட்பேண்ட், 'எவ்வளவு கூட' என்று கணக்காகச் சொல்லும். பெரும்பாலும் ஐந்து ஒயர், தனி கன்ட்ரோலர் பெட்டி எல்லாம் உண்டு. இதைக் கொண்டுபோய் நேராக வண்டி ஈ.சி.யூ.வில் மாட்டினால் இருவருக்கும் பாஷை புரியாது. சில கன்ட்ரோலர்களில் மட்டும் பழைய பாஷையிலும் பேசுகிற தனி ஒயர் இருக்கும்.

*

பெண் பார்ப்பது போல சென்சார் பார்க்கணும்!

பெரிய இன்ஜினுக்குப் பெரிய சென்சார் என்பதே கிடையாது. இன்ஜினுக்கும் சென்சாருக்கும் நேரடிச் சம்பந்தமில்லை. சம்பந்தம் ஈ.சி.யூ.வோடுதான். ஆகவே மாற்றுகிறவர்கள் பார்க்கவேண்டிய பொருத்தங்கள்:

பார்ட் நம்பர் பொருத்தம்: முதல் பொருத்தம், முக்கியப் பொருத்தம். பழைய சென்சாரிலும் பார்ட்ஸ் புத்தகத்திலும் இருக்கிற நம்பரைப் பாருங்கள். உருவத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஒயர் பொருத்தம்: ஒரே ஒயர் என்றால் ஹீட்டர் கிடையாது. நாலு ஒயர் என்றால் பெரும்பாலும் ஒரே கலரில் இருக்கிற ரெண்டு ஹீட்டருக்கு. மீதி ரெண்டில் ஒன்று சிக்னல், ஒன்று எர்த். நாலு இருந்த இடத்தில் ஒன்றைப் போட்டால் ஈ.சி.யூ. ஹீட்டரைத் தேடும், காணாமல் லைட்டைப் போடும். ஹீட்டரின் ஓம் கணக்கும் ஒத்துப்போக வேண்டும்.

ஜாதிப் பொருத்தம்: இந்த ஒரு இடத்தில் மட்டும் ஜாதி பார்க்கலாம். ஸிர்கோனியா வோல்ட் கொடுக்கும். டைட்டானியா என்று ஒரு வகை உண்டு, அது ரெசிஸ்டன்ஸை மாற்றிக் காட்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று உதவாது.

மரைப் பொருத்தம்: கார் சென்சாரில் 18 மில்லிமீட்டர் மரை சகஜம். பைக்கில் பலவற்றில் 12 மில்லிமீட்டர். லேத்தில் கொடுத்து ஓட்டையைப் பெரிசாக்கலாம் என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழக்க வழக்கம்: சிலிகான் பேஸ்ட் இவருக்கு விஷம். பைப் ஜாயின்ட்டில் கண்ட பேஸ்ட்டைத் தடவினால் அதன் ஆவி பீங்கான் மேல் கண்ணாடி மாதிரி படிந்துவிடும். ஒயர் பக்கமாகத்தான் வெளிக்காற்று உள்ளே போகிறது; அங்கே கிரீஸ், ஸ்பிரே எதுவும் கூடாது. கீழே விழுந்த சென்சாரை மாட்டாதீர்கள். பீங்கான், கீறல் வெளியே தெரியாது.

*

நடந்தது என்ன?

போனை வைத்ததும் மாப்பிள்ளை முகம் விழுந்துவிட்டது. மேப், வைட்பேண்ட், டியூனிங் என்று சேர்த்தால் சீட்டுப் பணம் பத்தாது. நண்பர் கடைசியாகச் சொன்ன ஒரு வார்த்தைதான் எங்களுக்குப் பிடிகொம்பு: "வண்டி முன்னாடி இழுத்துச்சு, இப்ப இழுக்கலைன்னா, இருந்த குதிரை எங்க போச்சுன்னு மொதல்ல தேடுங்க. அப்புறமா புதுக் குதிரை வாங்கலாம்."

அருப்புக்கோட்டையில் விசாரித்து இன்னொரு ஷெட்டுக்குப் போனோம். வயசான அண்ணாச்சி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். மை மாதிரி கறுப்பு. ஏர் ஃபில்டரைத் தட்டினார். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டில் தினசரி ஓடுகிற வண்டி, அரைக்கிலோ கோலப்பொடி கொட்டின மாதிரி தூசி. பிறகு வண்டியைச் சும்மா ஓடவிட்டு, சைலன்ஸர் வாயை ஈரத்துணியால் ஒரு நொடி மூடினார். தலைப்பக்கம் பெண்ட் பைப் ஜாயின்ட்டில் 'புஸ்ஸ்ஸ்' என்று சத்தம்.

"இந்தா இருக்குல்ல வியாதி" என்றார்.

கேஸ்கட் போய்விட்டிருக்கிறது. புகை வெளியே வருகிற இடத்தில், துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் அந்தக் காற்றை முகர்ந்துவிட்டு, "ஆக்ஸிஜன் மிச்சமிருக்கு, பெட்ரோல் பத்தலை" என்று ரிப்போர்ட் எழுதும். ஈ.சி.யூ. அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டும். பிளக் கறுக்கும், மைலேஜ் விழும், வண்டி முக்கும். ஆடிட்டர் பொய் சொல்லவில்லை. அவரிடம் காட்டின வவுச்சர் போலி!

அதோடு முடியவில்லை. முன்பு யாரோ அந்த லீக்கை அடைக்க சிலிகான் பேஸ்ட்டை அள்ளி அப்பியிருந்தார்கள். லீக்கும் நிற்கவில்லை, சென்சாரும் மந்தமாகிவிட்டது.

புது கேஸ்கட், புது ஏர் ஃபில்டர், புது பிளக், நம்பர் பார்த்து வாங்கிய அசல் சென்சார், டேப்பட்டும் செயினும் ஒரு பார்வை. பில்லைப் பார்த்தேன். 535 கிட்டின் பக்கத்தில்கூட வரவில்லை. பந்தல்குடிக்குத் திரும்பும்போது மாப்பிள்ளை ஓட்டினான், நான் பின்னால். டாப் கியரில் முறுக்கினதும் வண்டி போன போக்கில் நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அவனுக்கு அப்படிப் பேச்சு வராமல் நான் பார்த்ததே இல்லை!

*

அப்படியும் போட்டே தீருவேன் என்பவர்களுக்கு...

ஆர்.சி. புக்கை எடுத்துப் பாருங்கள். 'கியூபிக் கெப்பாசிட்டி' என்று ஒரு கட்டம் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு என்ன சொல்கிறது? அதில் எழுதியிருக்கிற விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்துவிட்டது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாமல் மாற்றினால் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடுகிற வண்டி என்றால் அது தனிக் கதை. ஆபீஸுக்குப் போகிற வண்டிக்கு, விபத்து என்று ஒன்று நடந்தால், இன்ஷூரன்ஸ்காரர் கிளெய்ம் ஃபாரத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் பேரலைத்தான் பார்ப்பார்.

இதோ, பி.காம். பாணியில் ஐந்தொகை:

வரவு: 36 சிசி. ரெண்டுக்குக் கொஞ்சம் குறைவான குதிரை. டீக்கடையில் பத்து நாள் பேச்சு.

செலவு: பேரல், பிஸ்டன், ரிங். மேப் மாற்றும் செலவு. வைட்பேண்ட். டியூனிங் கூலி. ஆர்.டி.ஓ. பயம். இன்ஷூரன்ஸ் சந்தேகம். ஒரு கல்யாணச் சீட்டு.

டேலி ஆகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எதற்கும் லேத் பட்டறைக்குக் கிளம்புவதற்கு முன்னால் பிளக்கின் கலர், ஏர் ஃபில்டரின் தூசி, பெண்ட் பைப்பின் 'புஸ்' மூன்றையும் பார்த்துவிடுங்கள். உங்கள் வண்டியில் காணாமல் போன குதிரை பெரும்பாலும் அங்கேதான் மேய்ந்துகொண்டிருக்கும்!